விரால் மூச்சு விடும் இடம்: படுவான்கரைக் குளங்களில் தவளைத் தூண்டில் போடுவது எப்படி

குளக்கட்டில் ஏறியதும் தூண்டிலை எறியாதீர்கள். கம்பை மோட்டார் சைக்கிளில் சாத்திவிட்டு, ஒரு மருதமர நிழலில் குந்திக்கொண்டு அரை மணித்தியாலம் தண்ணீரைப் பாருங்கள். விரால் பிடிக்க ஆசைப்பட்டு வருகிற எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம் எனக்கொரு சின்னச் சைக்கிள் கராச் இருக்கிறது. ரியூப் ஒட்ட வருகிற பொடியன்கள் சுவரில் தொங்குகிற தூண்டில் ரீலைக் கண்டால், "அண்ணன், இது என்ன ரீல், எத்தனை இறாத்தல் நூல்?" என்றுதான் தொடங்குவார்கள். எந்தக் குளத்தில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. உன்னிச்சைக் குளத்திலும் அதைச் சுற்றியுள்ள சின்னக் குளங்களிலும் வட்டை (வயல்வெளி) வாய்க்கால்களிலும் இருபது வருடமாக விரால் பிடிக்கிறேன். இதில் முக்கால்வாசி வேலை மீனைக் கண்டுபிடிப்பது. மிச்சம்தான் பிடிப்பது.

எனக்கு இதைப் பழக்கியவர் மாமா. அவரிடம் ரீல் இருக்கவில்லை. பன்னிரண்டு அடி மூங்கில் கம்பு, தடித்த தங்கூசி (நைலோன் நூல்), ஒரு முள். அவ்வளவுதான். நான் அவசரப்பட்டுக் கம்பைத் தூக்கினால், "முதல்ல பாரு மனே, மறுகா எறியலாம்" என்று கையைப் பிடித்து இருத்திவிடுவார். அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு விளங்க இரண்டு மூன்று வருடம் எடுத்தது. அவர் பார்த்தது விராலின் மூச்சை.

திலாப்பியா, கெண்டை எல்லாம் தண்ணீரில் கரைந்திருக்கிற காற்றைச் செவுளால் எடுத்துக்கொண்டு மூச்சுக்காக மேலே வராமல் கீழேயே கிடக்கும். விராலுக்கு அது காணாது. அதன் தலைக்குள்ளே, செவுளுக்கு மேலே, காற்றை அடைத்து வைக்க ஒரு அறை இருக்கிறது. இடைக்கிடை மேலே வந்து வாயால் ஒரு மிடறு காற்றை விழுங்கிக்கொண்டு போகும். மேலே வர விடாமல் வலைக்குள் அமுங்கிக் கிடந்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துவிடும். கோடையில் குளம் வற்றும்போது ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடந்து அது உயிர் தப்புவதும் இந்த அறையால்தான்.

கனடாவில் இருக்கிற என் மச்சான் ஒன்ராறியோவில் பாஸ் என்கிற மீனைப் பிடிப்பவன். பெருவாய் பாஸும் விராலைப் போலத்தான்: இலைகளுக்குக் கீழே ஒளிந்திருந்து தவளையையும் சின்ன மீனையும் பாய்ந்து பிடிக்கும். இரையாகப் போடுகிற ரப்பர் தவளையை எனக்கு முதலாவதாக அனுப்பியவனும் அவன்தான். ஆனால் பாஸ் மூச்சு விட மேலே வராது. அவர்கள் ஒலியால் மீனைக் காட்டுகிற சோனார் கருவியைப் படகில் பூட்டித் தேடுகிறார்கள். எங்களுக்குக் கண்ணும் காதும் போதும்.

சத்தத்தை முதலில் பழகிக்கொள்ளுங்கள். விடியற்காலை, காற்று எழும்பாத நேரம், தாமரை இலைகளுக்கு நடுவே "ப்ளக்" என்று ஒரு சத்தம் கேட்கும். வெறும் போத்தலின் வாயில் உள்ளங்கையால் தட்டினால் வருகிற மாதிரி, கொஞ்சம் குழிவான சத்தம். திரும்பிப் பார்த்தால் மீன் போயிருக்கும். தட்டு அளவில் ஒரு வளையம் விரியும். அதன் நடுவில் நாலைந்து குமிழி நின்று, ஒவ்வொன்றாக உடையும். கீழே போகிறபோது கொஞ்சக் காற்றைச் செவுள் வழியாக விடுவதால் வருகிற குமிழி அது. சில நேரம் பக்கத்துத் தாமரைத் தண்டு ஒன்று காற்றில்லாமலே மெல்ல ஆடும். விரால் எந்தப் பக்கம் தலை வைத்துப் போகிறது என்று அந்தத் தண்டு சொல்லும்.

திலாப்பியா மேலே வந்து உறிஞ்சினால் வளையம் சின்னது, சத்தம் முத்தமிடுவது போல மெல்லியது, ஒரே இடத்தில் பல வரும். பனையேறியும் காற்றுக் குடிக்கிற மீன்தான். ஆனால் அது வருவதும் போவதும் ஒரு சொடுக்கு, குமிழி மிஞ்சாது. ஆமை மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு ஆறுதலாக நிற்கும். இரண்டு மூன்று ஞாயிறு பார்த்தால் உங்களுக்கே பிரிபட்டுவிடும்.

ஒரு வளையம் கண்டதும் ஓடிப்போய் எறிய வேண்டாம். அதே மீன் அடுத்த மூச்சுக்கு எங்கே வருகிறது என்று பாருங்கள். இரண்டாவது மூச்சும் முதல் இடத்துக்குக் கிட்டவே வந்தால் அது அங்கே குடியிருக்கிற மீன். பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளி வந்தால் இரை தேடிக் கரையோரமாகப் போகிற மீன். இருக்கிற மீனுக்கு அது இருக்கிற இடத்திலேயே இரையைக் காட்ட வேண்டும். போகிற மீனுக்கு அது போகிற வழியில் முன்கூட்டியே போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

எந்த மாதம், எந்தக் கரை

எங்கள் பக்கம் மழை ஐப்பசியில் தொடங்கி தை வரைக்கும். அந்த நாட்களில் குளம் ஏறி, புல்லும் பற்றையும் தண்ணீருக்குள் போய், விரால் எல்லாம் புது வெள்ளத்தில் பரந்துவிடும். வாய்க்கால் வழியே வயலுக்குள்ளும் ஏறும். தண்ணீர் கலங்கல். பார்த்துப் பிடிக்கிற எங்கள் முறைக்கு இது சரியான காலமில்லை. வான்கதவு திறந்திருக்கிற நாட்களில் வான் பாய்கிற பக்கம் போகவே போகாதீர்கள், நீரோட்டம் ஆளை இழுத்துவிடும்.

நல்ல காலம் மாசி, பங்குனி, சித்திரை. மழை விட்டு, தண்ணீர் தெளிந்து, தாமரையும் அல்லியும் படர்ந்திருக்கும். வேளாண்மை வெட்டு நெருங்க வயலில் தண்ணீரை வடிய விடுவார்கள். வயலுக்குள் போன மீன்கள் வடிகால் வழியே திரும்பி மடுக்களுக்கும் குளங்களுக்கும் வரும். அந்தக் கிழமைகளில் வடிகால் ஒரு குளத்திலோ மடுவிலோ வந்து விழுகிற வாயைத் தேடிப் பிடியுங்கள். முழங்கால் அளவு தண்ணீராக இருந்தாலும் விரால் நிற்கும், ஏனென்றால் வடிகிற தண்ணீரோடு தவளையும் மீன்குஞ்சும் வந்துகொண்டிருக்கும்.

வைகாசிக்குப் பிறகு சிறுபோகத்துக்குத் துருசு (மதகு) திறந்து தண்ணீர் குறையக் குறைய, மீன் ஒடுங்கும். இடம் சின்னதாவதால் கண்டுபிடிப்பது சுலபம். ஆனால் கச்சான் காற்று விடாமல் அடிக்கும். இங்கேதான் கரையைத் தெரிகிற யோசனை வேண்டும். படுவான்கரையில் ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே வாவியை நோக்கி ஓடுவதால் அநேக குளங்களின் கட்டு கிழக்குப் பக்கம் இருக்கும். கச்சான் மேற்கிலிருந்து வரும். ஆகவே மேற்கே காட்டோரக் கரை அசையாமல் கிடக்க, அலை எல்லாம் கட்டில் வந்து மோதும். மூச்சு வளையம் பார்ப்பதற்குக் காட்டோரம்தான் நல்லது. ஆனால் அது யானை தண்ணீர் குடிக்க இறங்குகிற கரை. நான் கச்சான் காலத்தில் தனியாக அந்தப் பக்கம் போவதில்லை. இரண்டு பேராகப் போனாலும் வெயில் நன்றாக ஏறிய பிறகு போய், மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவோம்.

கட்டுப் பக்கத்திலும் ஒரு வழி இருக்கிறது. காற்று, மிதக்கிற ஆற்றுவாழையையும் சல்வீனியாவையும் தள்ளிக்கொண்டு வந்து கட்டின் மூலையில் பாய் விரித்த மாதிரி ஒதுக்கிவிடும். அந்தப் பாய்க்குக் கீழே தண்ணீர் குளிர்ச்சி, இருட்டு. விராலுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. பாய்க்கு நடுவே கை அகலத்தில் தெளிந்த ஓட்டைகள் தெரியும். விரால் மூச்சு எடுக்கத் திரும்பத் திரும்ப வந்து போகிற இடத்தில் அந்த ஓட்டை மூடாமலே இருக்கும். கச்சான் காலத்தில் நான் பிடித்த பெரிய விரால்களில் பாதிக்கு மேல் இப்படியான ஓட்டைகளில் எடுத்தவை.

நேரம் என்றால் விடிய ஆறு மணி முதல் எட்டரை வரை. பின்னேரம் நாலரைக்குப் பிறகும் நன்றாக எடுக்கும், ஆனால் உன்னிச்சை, ஆயித்தியமலைப் பக்கத்துப் பாதைகளில் இருட்டியபின் யானைப் பயம் இருப்பதால் பின்னேரம் போகச் சொல்லி ஒருவருக்கும் நான் சொல்வதில்லை. நடு வெயிலில் மீன் நிழலுக்குள் போய்விடும். அந்த நேரம் ஓட்டைகளில் மட்டும் முயற்சி செய்யலாம்.

கல்லடிப் பாலத்தடியில் நின்று விரால் பிடிக்க நினைக்க வேண்டாம். அங்கே வாவித் தண்ணீர் உப்பு. அது கொடுவாவின் இடம், அதற்கு இறாலும் வேறு தூண்டிலும் வேண்டும். அம்பாறைப் பக்கத்து ஆட்கள் இறக்காமம், கொண்டவட்டுவான் குளங்களின் தாமரை ஓரங்களில் இதே முறையில் பார்க்கலாம். சேனாநாயக்க சமுத்திரம் கல்லோயாத் தேசிய பூங்காவோடு சேர்ந்தது. அங்கே அனுமதி இல்லாமல் தூண்டிலோடு இறங்கக் கூடாது. எந்தக் குளமானாலும் அங்கே தொழில் செய்கிற நன்னீர் மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். அவர்களுடைய வலை எங்கே கிடக்கிறது என்று அவர்களே காட்டுவார்கள். உங்கள் முள் வலையில் மாட்டினால் அறுபடுவது அவர்களுடைய சாப்பாடு.

சாமான்

நீண்ட பட்டியல் தேவையில்லை. ஏழடி றொட் (தூண்டில் கம்பு), வளைந்துகொடுக்காத தடித்த சாதி. நடுத்தர ஸ்பின்னிங் ரீல். 40 இறாத்தல் பிரெய்ட், அதாவது பின்னிய நூல். சாதாரணத் தங்கூசி இழுபடும். தாமரைக் காட்டுக்குள் மீன் தலையைத் திருப்பும்போது நூல் இழுபட்டால் அது தண்டில் சுற்றிக்கொண்டு போய்விடும். பிரெய்ட் இழுபடாது, தண்டையும் அறுத்துக்கொண்டு வரும். டவுனில் ஒரு கடையில் 40 இறாத்தல் என்று மட்டை ஒட்டிய மலிவு நூலை வாங்கி, அடுத்த ஞாயிறே கையளவு வாயுள்ள ஒரு விராலோடு அறுபட்டு நின்றேன். முள்ளோடு போன மீனை நினைத்து அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு எந்த நூலானாலும் வீட்டில் ஒரு பத்து லீற்றர் தண்ணீர்க் கானைக் கட்டித் தூக்கி, நாலு வெட்டு இழுத்துப் பார்த்துத்தான் ரீலில் சுற்றுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

மாமா காலத்தில் உயிர்த் தவளைதான். நானும் பல வருடம் அப்படித்தான் பிடித்தேன். இப்போது விட்டுவிட்டேன். தவளை துடிப்பதைப் பார்க்க மனம் வரவில்லை, ரப்பர் தவளையில் அதே அளவு மீன் படுகிறது. உள்ளே வெறுமையான மெல்லிய ரப்பர் உடம்பு, முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கிற இரட்டை முள். இலைக்கு மேல் இழுத்தால் மாட்டாது, மீன் கடித்தால் உடம்பு நசுங்கி முள் வெளியே வரும். இரட்டை முள் என்பதால் கையில் ஏறினால் கழற்றுவது கடினம், எடுத்து வைக்கும்போது கவனம்.

வாங்கியபடி அதைப் போடாதீர்கள். மூன்று வேலை இருக்கிறது. பின்னால் தொங்குகிற ரப்பர்க் கால்கள் நீளமாக இருந்தால் விரால் காலை மட்டும் பிடித்துவிட்டு விடும், அதனால் விரல் நீளத்துக்கு வெட்டிவிடுங்கள். இரண்டு முள்ளின் நுனியையும் குறட்டால் பிடித்து, முதுகிலிருந்து ஒரு நூல் அளவு (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மேலே நிற்கிற அளவுக்கு மட்டும் நிமிர்த்துங்கள். கூட நிமிர்த்தினால் எல்லா இலையிலும் மாட்டும். மூன்றாவது என் கராச் வேலை. பழைய சைக்கிள் பெடலில் கழற்றிய போல்ஸ் (சின்ன இரும்புக் குண்டு) இரண்டை, முள் வெளியே வருகிற ஓட்டையால் தவளையின் வயிற்றுக்குள் தள்ளிவிடுங்கள். காற்றுக்கு எதிராகவும் தூரம் போகும், விழும்போது பின்பக்கம் தாழ்ந்து உண்மைத் தவளை மாதிரி தலை தூக்கி மிதக்கும், அசைக்கும்போது உள்ளே கிலுகிலுவென்று சத்தமும் வரும். கலங்கல் தண்ணீரில் அந்தச் சத்தம் உதவும். மூன்று போட்டால் தாழ்ந்துபோகும், போட்டுப் பார்த்தேன்.

முடிச்சு இப்படி: நூலை இரட்டையாக மடித்துத் தவளையின் மூக்கு வளையத்துக்குள் விடுங்கள். அந்த இரட்டை நூலிலேயே ஒரு சாதாரண முடிச்சை இறுக்காமல் போடுங்கள். மிஞ்சுகிற வளையத்துக்குள்ளால் முழுத் தவளையையும் கடத்தி எடுத்து, எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்குங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முதல் ஓரடி நூலை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி முடியுங்கள்.

தண்ணீரின் கண்கூச்சத்தை வெட்டுகிற போலரைஸ்டு கண்ணாடி ஒன்று கிடைத்தால் தண்ணீருக்குள் ஒரு முழம் வரை தெரியும். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், ஈரச் சாக்கு, நீள மூக்குக் குறடு. அவ்வளவு காணும்.

எறிவதும் காத்திருப்பதும்

மூச்சு வளையம் கண்ட இடத்தின் மேலேயே எறிந்தால் விரால் அடித்துக்கொண்டு ஓடிவிடும். ஐந்தாறு அடி தாண்டி எறியுங்கள், முடிந்தால் தண்ணீரில் இல்லாமல் ஒரு தாமரை இலையின் மேலே. விழுந்ததும் அசைக்காதீர்கள். வளையம் அடங்கட்டும். பிறகு றொட் நுனியைக் கீழே வைத்துக்கொண்டு மணிக்கட்டால் மட்டும் மூன்று சின்ன இழுப்பு. தவளை இலையிலிருந்து தண்ணீருக்குள் குதிக்கும். நிறுத்துங்கள். மறுபடி இரண்டு இழுப்பு, அடுத்த இலையின் ஓரம். நிறுத்துங்கள். விரால் அடிப்பது அநேகமாக நிற்கிற நேரத்தில்தான். புதிதாகப் பழகுகிறவர்கள் நிறுத்தப் பயந்து இழுத்துக்கொண்டே இருப்பார்கள், தவளை கரைக்கு வந்துவிடும், பின்னாலேயே வந்த விரால் கரையில் நிற்கிற கால்களைக் கண்டு திரும்பிவிடும்.

பாய் ஓட்டைகளில் வேறு மாதிரி. ஓட்டைக்கு அப்பால் பாயின் மேல் எறிந்து, மேலால் இழுத்துக்கொண்டு வந்து, ஓட்டையின் விளிம்பில் ஒரு மூச்சு நிறுத்தி, உள்ளே இறக்கி, அங்கேயே வைத்து ஆட்டுங்கள். நகர்த்த வேண்டாம். ஆறேழு தடவை ஆட்டியும் ஒன்றுமில்லை என்றால் அடுத்த ஓட்டை.

இனி எல்லாரும் பிழைவிடுகிற இடம். விரால் அடிக்கும்போது தண்ணீர் வெடித்த மாதிரி இருக்கும். அந்த நொடியில் கை தானாக றொட்டைத் தூக்கும். தூக்கினால் தவளை வெறுமையாகப் பறந்து உங்கள் மடியில் வந்து விழும். விரால் முதலில் இரையைத் தாக்கும், பிறகுதான் வாய்க்குள் எடுத்துத் தலையைத் திருப்பிக் கீழே போகும். அந்தத் திருப்பலுக்கு இடம் கொடுக்க வேண்டும். தண்ணீர் வெடித்ததும் நான் மனதுக்குள் "மாமாங்கேஸ்வரா" என்று ஒருமுறை முழுதாகச் சொல்வேன். அதற்குள் நூல் ஒரு பக்கமாக நகரத் தொடங்கும். அப்போது நூலின் தளர்வைச் சுற்றி எடுத்து, இரண்டு கையாலும் றொட்டை மேலே அடியுங்கள், முழுப் பலத்தோடு. விராலின் வாய் எலும்பு கடினமானது, மெல்ல இழுத்தால் முள் ஏறாது.

அடித்துத் தவறவிட்டால் உடனே அதே இடத்தில் எறிய வேண்டாம். அதன் அடுத்த மூச்சுக்குக் காத்திருங்கள். அது பழைய இடத்திலேயே மூச்சு எடுத்தால் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது, எறியலாம். தள்ளிப்போய் எடுத்தால் அன்றைக்கு அந்த மீனை விட்டுவிடுவது நல்லது.

முள் ஏறியதும் நிறுத்தாமல் சுற்றுங்கள். டிராக், அதாவது மீன் இழுத்தால் நூல் ஓடுவதைத் தடுக்கிற ரீலின் பிடி, நன்றாக இறுக்கியிருக்க வேண்டும். மீனின் தலை இலைக்கு மேலே வந்துவிட்டால் பாதி வென்றாயிற்று, இலைகளின் மேலாகவே சறுக்கிக்கொண்டு வரும். தலை கீழே போனால் தண்டுகளுக்குள் சுற்றிக்கொள்ளும். அப்படிச் சுற்றினால் இழுத்து அறுக்காதீர்கள், நூலை ஒரு நிமிடம் தளர்த்திவிடுங்கள். சில நேரம் அதுவே மூச்சுக்காக மேலே வந்து தன்னை அவிழ்த்துக்கொள்ளும். என்ன ஆனாலும் மீனுக்காகத் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். உன்னிச்சை உட்பட எங்கள் குளங்களில் முதலை இருக்கிறது. நான் எப்போதும் தண்ணீர் ஓரத்திலிருந்து நாலு எட்டுத் தள்ளித்தான் நிற்பேன், மீனைக் கட்டின் மேல் இழுத்து எடுத்த பிறகே தொடுவேன், தண்ணீர் ஓரத்தில் மீன் வெட்டுவதில்லை. வயல் வாய்க்காலில் நிற்பதென்றால் ரப்பர்ச் சப்பாத்துப் போடுங்கள். காலில் காயம் இருந்தால் போகவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது.

விராலின் வாயில் விரல் விடக் கூடாது, பல் கூர். ஈரச் சாக்கால் கழுத்துக்குப் பின்னால் அமுக்கிப் பிடித்து, குறட்டால் முள்ளைப் பின்னோக்கித் தள்ளினால் கழன்றுவிடும். கொண்டுபோகிற மீன் என்றால் தலையில் ஒரே அடியில் கொன்றுவிடுங்கள். விரால் ஈரச் சாக்குக்குள் மணிக்கணக்காக உயிரோடு கிடக்கும், அதைத் துடிக்க விட்டுக் கொண்டுபோவது தேவையில்லாத பாவம். ஓரடிக்குக் குறைந்ததை நான் எடுப்பதில்லை. விரால் ஒரு மீற்றர் வரைக்கும் வளரக்கூடிய மீன். எங்கள் குளங்களில் நான் எடுத்ததில் பெரியது 2 கிலோ 300 கிராம்.

சிவப்புக் குஞ்சுக் கூட்டம்

மழைக்காலத்திலும் அதை அடுத்தும் கரையோரப் புல்லுக்கிடையில் தண்ணீர் ஒரு இடத்தில் மட்டும் கொதிப்பது போலத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் செம்மஞ்சள் நிறத்தில் ஆயிரக்கணக்கான சின்னக் குஞ்சுகள், ஒரு பந்து மாதிரி, ஒன்றாக மேலே வந்து மூச்சு எடுத்து ஒன்றாகக் கீழே போகும். அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் தவளையை எறிந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை பெரிய விரால் அடிக்கும். பசியில் இல்லை, பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் அடிக்கும். விரால் பிடிக்கிறதில் இதைவிடச் சுலபமான வேலை கிடையாது.

நானும் ஒருமுறை செய்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரே காலையில் இரண்டு பெரிய விரால், மாமாவிடம் காட்ட ஓடினேன். அவர் மீனைப் பார்க்கவில்லை, "குஞ்சு இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் விடிய என்னையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கே போனார். பந்து இருக்கவில்லை. குஞ்சுகள் புல்லோரமாகச் சிதறிக் கிடந்தன. நீர்க்காகங்கள் வரிசையாக மூழ்கி மூழ்கி எழும்பின, மீன்கொத்தி ஒன்று பட்ட மரத்திலிருந்து இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, நாங்கள் அங்கே ஒரு மணித்தியாலம் நின்றோம்.

ஒன்ராறியோவின் தென்பகுதியில் பாஸ் கூட்டுக் காவல் நிற்கிற காலத்தில் அதைப் பிடிக்கவே கூடாதாம், ஜூன் மாதம் பாதி கழிந்த பிறகுதான் திறப்பார்கள் என்று மச்சான் சொன்னான். இங்கே அதை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். செம்மஞ்சள் பந்தைக் கண்டால் நூலைச் சுற்றிக்கொண்டு நூறு மீற்றர் தள்ளிப் போய்விடுங்கள். குஞ்சுகள் பெருவிரல் அளவாகிக் கறுத்துப் பிரிந்து போகும் வரை அந்த மூலைக்கு வேறு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.

அறுந்த நூலை ஒரு முழம் கூட விடாமல் பைக்குள் போட்டுக்கொண்டு வாருங்கள். அதில் மாட்டி நீர்க்காகம் தொங்கியதைக் கண்டிருக்கிறேன். மட்டக்களப்பு டவுனில் குழாயைத் திறந்தால் வருவது உன்னிச்சைத் தண்ணீர்தான், அதற்குள் ஈயத்தையும் பொலித்தீனையும் போட வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் விராலை அடுப்புச் சாம்பலில் புரட்டி எடுங்கள், அந்த வழுவழுப்பு சாம்பலில்தான் போகும். பிறகு வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதிளைச் சுரண்டி, குடலை எடுத்து, தலைக்குள் இருக்கிற சேற்றை விரலால் வழித்துக் கழுவுங்கள். துண்டுகளாக்கி உப்பும் மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் பிரட்டி ஒரு கால் மணித்தியாலம் வைத்தால் சேற்று மணம் நின்றுவிடும். பழப்புளி கரைத்து மண்சட்டியில் குழம்பு வைக்கும்போது மீனைக் கடைசியில் போடுங்கள், போட்ட பிறகு அகப்பையால் கிண்டாமல் சட்டியைப் பிடித்து ஆட்டினால் காணும். தலையை எறியாதீர்கள். எங்கள் வீட்டில் அது மாமாவின் பங்கு.